மருதோன்றிக் கை

என் மகள் சப்னாவின் உள்ளங்கை வெளிறிப்போனதை முதலில் கண்டவள் நான். அதை மறைத்தவளும் நான்தான்.

எல்லாம் என் மதினி பளீலாவால் வந்தது. புருஷனின் மூத்த சகோதரி. ஆலங்குடாவில் அவள் வாய்க்குத் தப்பிய வீடு இல்லை. சப்னாவுக்கு ஐந்து வயதில் மூட்டுவாதம் பிடித்தது. உடம்பே உடம்பைத் தாக்குகிற நோயாம். கிழமைக்கு ஒரு தரம், வெள்ளிதோறும், மருந்துக் குளிசை. அன்றிலிருந்து பளீலாவுக்கு ஒரே கதை.

"அந்தக் குளிசதான் புள்ளைட ரெத்தத்தக் குடிக்கிது. தூக்கி வீசு."

குளிசையை விட்டால் பிள்ளை நடக்கவே மாட்டாள். அது அந்த மண்டைக்குள் எங்கே ஏறப்போகிறது!

வெளிறிய கையைக் கண்டால் குளிசையைக் குப்பையில்தான் போடுவாள். ஆகவே பெருநாளைச் சாட்டி, மருதோன்றி அரைத்து சப்னாவின் உள்ளங்கையிலும் நகங்களிலும் அப்பினேன். நிறம் மங்க மங்கத் திரும்பவும் அப்பினேன். குளிசைக்காக மாதாமாதம் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டேன். என் புருஷன் ஹமீட் கடலும் கரையுமாக அலைந்ததில் எதையும் கவனிக்கவில்லை. மூன்று கிழமை போய்விட்டது.

காலெல்லாம் நீலம் பாரித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பளீலாவும் வேனில் தொற்றிக்கொண்டாள். டொக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் கூப்பிட்டு, இரத்தப் புற்றுநோய் என்றார்.

"குளிசையாலதானே?" பளீலா முந்திக்கொண்டாள்.

"அப்படிச் சொல்ல ஏலாது. மூட்டு நோய் உள்ள பிள்ளைகளுக்கு அபூர்வமா இதுவும் வருது. மருந்து இருக்கு, சுகமாகிற பிள்ளைகள் நிறைய. ஆனா முந்தியே வந்திருக்கலாம்." சப்னாவின் கையைத் திருப்பினார். "வெளிறினது தெரியாமப் போனது இதாலதான். ஆர் போட்டது?"

ஹமீட் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சப்னாவின் சட்டையைச் சரிசெய்தேன்.

"நான்தான் போட்ட," என்றாள் பளீலா.

ஹமீட் கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் அத்தனை பேர் முன்னிலையில் அவளைத் திட்டிக் கிழித்துப்போட்டார். அவர் போன பிறகு பளீலா என்னிடம் வந்தாள்.

"மூணு கெழமயா ஒண்ட மருதோன்றி மரம் மொட்டயா நிக்கிது. இப்பத்தான் வெளங்குது. ஒனக்காகச் சொல்லல்ல. அவன் ஒன்ன வெரட்டினா, ஆஸ்பத்திரி வாட்டுல புள்ளையோட ஆரு நிக்கிற?"

அப்போதும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. முன்னைவிட அதிகமாக வெறுத்தேன்.

இருவருமாக, சப்னாவைப் படுக்கவைத்திருந்த வாட்டுக்குள் போனோம். மாமி பளீலாவைக் கண்டதும் சப்னா இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்தாள். நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன்.