கிளை நூலகத்தில் மூன்று பக்கம்

...இதையும் நூலகம் என்கிறார்கள், நான்கு அலமாரி, கால் ஆடும் இரண்டு மேசை, மழைக்கு ஒதுங்கியவர்களின் செருப்புச் சேறு, ஏரிக்கு வழி கேட்டு எட்டிப் பார்க்கும் சுற்றுலாக் கூட்டம், செய்தித்தாளை விரித்து அதன்மேலேயே தூங்கும் ஜீப் டிரைவர் கோபி... புவனேஸ்வரி மூக்கைச் சுளித்தாள். சென்னையில் மாடி மாடியாக நூலகம், குளுகுளுவென்ற தளங்கள், பார்வையற்றோர் பிரிவுக்குப் பதினொரு வருடம் அவள்தான் பொறுப்பு, வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அவள்தான் சுற்றிக் காட்டுவாள், மக்கள் சேவை மக்கள் சேவை என்று எத்தனை முறை வாய் வலிக்கச் சொல்லியிருப்பாள்... அங்கிருந்து தூக்கி ஏற்காட்டில் போட்டார்களே, எதற்கு, காப்பிக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு எதற்குப் புத்தகம்? இதோ, தலையில் பிளாஸ்டிக் தாளும் கையில் பிடித்த ஒரு சிறுமியுமாக ஒருத்தி, பேர் லூர்துசெல்வியாம், ஊர் வாழவந்தியாம், யார் கேட்டார்கள்.

"ஏனுங்க மேடம், காதுல கேக்கற புஸ்தகம் இருக்குதுங்களா? எம்பட பொண்ணு ஆஷ்லினுக்குப் பார்வை போயி ஒரு வருசமாச்சுங்க. நொம்ப படிக்கற புள்ளைங்க."

"அதெல்லாம் சென்னையிலதான். இங்க கிடையாது."

"அப்ப நீங்க ஒரு பக்கம் படிங்க, கேட்டுக்குவா."

படிப்பதா? முதுகலைப் பட்டம் வாங்கியவள் எஸ்டேட்காரி மகளுக்குக் கதை படிக்க வேண்டுமா, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று இவர்களுக்கு யார் சொல்லி வைத்தது... "அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருப்பாங்கம்மா" என்றாள். ஆஷ்லின் உதட்டைப் பிதுக்கினாள். "வாம்மா, போலாம். இவங்களுக்குப் படிக்கத் தெரியாதாட்ட இருக்குது."

"சும்மா இரு கண்ணு..."

தெரியாதா? எனக்கா? காது மடல் சூடாக, கைக்குக் கிடைத்த நாவலை உருவி, உட்காரச் சொல்லாமலே படிக்கத் தொடங்கினாள், கோபத்தில் முதல் பக்கம் ஓடியது, "ஏனுங்க இப்படி ஓடறீங்க, யாரு பேசறாங்கன்னே தெரியல" என்றாள் அந்தப் பெண், திமிரைப் பார்... ஆனாலும் நிதானித்தாள், ஒருத்தி பேசும்போது ஒரு குரல், அவள் புருஷன் பேசும்போது வேறு குரல், இதெல்லாம் எப்போது வந்தது, சென்னையில் அந்தப் பார்வையற்றோர் பிரிவில் கண்ணாடிக்கு அப்பால் தினமும் யாராவது படித்துக்கொண்டுதான் இருந்தார்கள், பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது உள்ளே போய் உட்கார்ந்து கேட்டோமா, என்ன படித்தார்கள், யார் சிரித்தார்கள்... மூன்றாவது பக்கம் முடிந்தது. கோபி விழித்திருந்தான். ஆஷ்லின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று தாய் கிளம்பினாள், புவனேஸ்வரி புத்தகத்தை மூடாமல் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றாகப் படித்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா... சீ, யாரிடம் போய் எதற்குக் காத்து நிற்கிறோம்?