மூன்று மணி நேரம், ஒரே டிஸ்க்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. பழைய வீடியோ டேப்புகளை டிஸ்க்கில் ஏற்றித் தரும் என் மச்சான், ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். துருவிக் கேட்டதற்கு நாலு வரி சொன்னார். அதைத்தான் ஊதிப் பெருக்கப் பார்க்கிறேன்.

2

"அந்தப் பெண் கடைக்குள் நுழைந்தபோது வானம்..." வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அவள் ஒரு டேப்போடு வந்தாள். மூன்று வயதில் இறந்துபோன மகள் அதில் மூன்று மணி நேரம் இருந்தாள். எல்லாம் ஒரே டிஸ்க்கில் வேண்டும், நடுவில் எழுந்து மாற்றத் தன்னால் ஆகாது என்றாள். (இங்கே அவள் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். அழவில்லையாம்.)

3

தெளிவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்திலேயே டிஸ்க் நிறைந்துவிடும். மூன்று மணி நேரத்தை அடக்க, ஒவ்வொரு நொடிக்கும் ஒதுக்குகிற இடத்தை, அதாவது பிட்ரேட்டை, குறைக்க வேண்டும். குறைத்தால் ஓடுகிற குழந்தை கட்டம் கட்டமாக உடையும். மச்சான் அசையாத காட்சிகளில் கிள்ளி, ஓடுகிற காட்சிகளுக்கு அள்ளிக் கொடுத்தார். ஊஞ்சலையும் ஓட்டத்தையும் போட்டுப் பார்த்தார்.* பளிச்சென்று இருந்தது.

தினமும் ஓடித் தேய்ந்த டேப், கணினியில் ஏற்றியபின் திருப்பிச் சுற்றும்போது மெஷினில் சிக்கி உதவாமல் போயிருந்தது. படம் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தார். டிஸ்க்தான் தயாராகிவிட்டதே என்று, அடுத்த வேலைக்கு இடம் வேண்டி, அதையும் அழித்தார்.

* இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். தூங்குகிற குழந்தையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

4

டிஸ்க்கை வாங்கிப் போனவள் மறுநாள் திரும்பி வந்தாள். படத்தின் கடைசி இருபது நிமிடம் குழந்தை தூங்குகிறது.

"அண்ணா, தூங்கறப்ப அவ நெஞ்சு ஏறி இறங்கும். அதுக்காகத்தான் நான் தினமும் பாக்கறதே. இதுல மூச்சே விடலையே."

மச்சான் போட்டுப் பார்த்தார். அத்தனை மெல்லிய அசைவை அசைவே இல்லை என்று கணினி வழித்துப் போட்டிருந்தது. போர்வை அப்படியே உறைந்து கிடந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்குன்னீங்களே. இன்னொரு தடவை போட்டுக் குடுங்க. அவசரமில்ல."

5

முடிவு ஒன்று: எங்கோ ஒரு பிரதி கிடைக்கிறது. பொய்.

முடிவு இரண்டு: அவள் மன்னித்துவிடுகிறாள். அவளைக் கேட்காமல் அதை எழுத நான் யார்?

முடிவு மூன்று: மச்சான் வாயைத் திறந்து

எழுத வரவில்லை. வெறுத்துப் போய்விட்டது. எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நீங்களாவது அவளுக்கு ஒரு தேதி சொல்லி அனுப்புங்கள்.