நடுவில் அறுத்த பலகை

சிவராஜ் பலகையை நடுவில் அறுத்துவிட்டான். ஓரத்தில் அறுத்திருந்தால்கூட அவன் மனைவி இளவரசி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். மூன்றடி நீளம், ஓரடி அகலம், நல்ல தேக்கு. "சாமி படத்தையெல்லாம் ஜன்னல்லயே அடுக்கி வெச்சிக்கினு கீறியே, உனக்கு ஒரு ஷெல்ஃப் அடிச்சித் தரேன்" என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனே மரவாடியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பலகை. வந்த அன்றைக்குப் பரணில் ஏறியதுதான். இரண்டு வருஷம் ஞாபகப்படுத்திப் பார்த்தாள், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். இப்போது அது தானாகவே கீழே இறங்கியிருக்கிறது. அவன் தங்கை சங்கீதா ஏனாத்தூரில் வீடு கட்டிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம், அண்ணன் தன் கையால் கடிகாரம் செய்து தரப்போகிறான். பலகையின் நடுவில்தான் ரேகை அழகாகச் சுழித்திருக்கிறதாம். அந்தச் சுழிப்பை வட்டமாக எடுத்துக்கொண்டு, பெரிய ஓட்டை விழுந்த மீதியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான்.

அவனுக்குத் தறி வேலை தெரியும், மர வேலை சுத்தமாகத் தெரியாது. இந்த வீட்டில் காலண்டருக்கு ஆணி அடித்ததுகூட இளவரசிதான். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வாடகை மெஷினில் அறுத்தான். வட்டம் முதல் தோசை போலக் கோணிக்கொண்டது. மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதை வழிக்குக் கொண்டுவந்தான். நடுவில் துளை போட்டுக் கடிகார மெஷினைச் செருகினால் அதன் தண்டு முன்பக்கம் எட்டவே இல்லை, மரம் அத்தனை தடிமன். சலித்துக்கொள்ளாமல் பின்பக்கத்தை உளியால் குடைந்தான். மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பித்தளை ஆணி. ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இளவரசிக்கு வயிறு எரிந்ததே அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான். போன வருஷம் தறியிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கால் பிசகிக்கொண்டது. "தைலம் தேய்ச்சிக்கோ" என்று தலையைத் திருப்பாமல் சொன்னவன் இவன். இத்தனை பொறுமை இவனிடம் இருந்ததா? இருந்து, இருபது வருஷமாக அவளுக்கு மட்டும் இல்லாமல் போனதா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிகாரத்துக்கு வார்னிஷ் அடித்து, கூடத்தில் நாலு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தான். தேக்கு தேன் நிறத்தில் மின்னியது. முள் வாங்கக் கடைக்குக் கிளம்பும் நேரத்தில், அடுத்த புடவைக்கான அரக்குச் சிவப்புப் பட்டு நூல், சிட்டமாகச் சுற்றிய கட்டு, பையோடு வந்து இறங்கியது.

"நான் வர்ற வரிக்கும் அந்தச் சிட்டத்தைப் பிரிக்காதம்மா. பட்டு பறந்து ஒட்டிக்கும். ஃபேனும் போடாத" என்றான்.

"சரி" என்றாள்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. இளவரசி கடிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரேகை நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. அது அவள் சாமிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டியது. இனி தினமும் சங்கீதா நிமிர்ந்து பார்ப்பாள், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள், எங்க அண்ணன் செய்தது என்பாள். எழுந்து போய் ஃபேனைப் போட்டாள். சிட்டத்தைப் பிரித்து இரண்டு கையிலும் மாட்டி, படார் படார் என்று உதறினாள். யாரும் தூண்டவில்லை, கை தவறவும் இல்லை. வேண்டுமென்றே செய்தாள், செய்யும்போது மனசுக்குக் குளிர்ச்சியாகவே இருந்தது. அறுந்த இழைகள் வெளிச்சத்தில் மிதந்து, ஈர வார்னிஷில் போய் உட்கார்ந்தன. அதன்பிறகுதான் பயம் வந்தது. சிட்டத்தை முறுக்கிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

அவன் வந்து பார்த்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான். அவள் சமையலறையில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்: அப்ப என் பலகை? அவன் கத்தட்டும், கேட்டுவிடலாம்.

"என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்றான் சிவராஜ். "தறி கீற வூட்ல போயி வார்னிஷ் அடிச்சேன் பாரு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சனிக்கிழமை முழுக்க மொட்டைமாடியில் மறுபடி தேய்த்தான், மறுபடி அடித்தான். எல்லாம் போயிற்று, நாலு மணி ஆணிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழை மட்டும் மரத்தின் ரேகைக்குள் புதைந்து, வரமாட்டேன் என்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூரில் சங்கீதாவின் புருஷன் ஆனந்தகுமார் ஸ்டூல் மேல் ஏறிக் கடிகாரத்தை மாட்டினான். சங்கீதா கிட்டே போய் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"ண்ணா, இன்னாது செவப்பா? பட்டா?"

இளவரசி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ, நம்ம வூட்டுத் தறிப் பட்டு! எனக்காகவே உள்ள வெச்சிக் குடுத்துக்கீறியா?" சங்கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இழையை விரலால் தடவினாள்.

"நான் இல்ல" என்றான் சிவராஜ். "உங்க அண்ணிதான் வெச்சா."

இளவரசியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சங்கீதா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்குத்தான் அண்ணி இதெல்லாம் தோணும்." வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள். கெடுக்க நினைத்ததும் சங்கீதாவுக்கே சீராகப் போய்ச் சேர்ந்ததே என்று இளவரசிக்கு ஆத்திரமாக வந்தது. வடை பாயசம் எதையும் தொடவில்லை.

திரும்பும்போது வண்டி பாதி வழி வந்துவிட்டது.

"எப்ப தெரிஞ்சிது?" என்றாள்.

"பாத்தப்பவே. தறியில கீறது பச்சப் பாவு நூலு. அரக்கு அந்தப் பையில மட்டுந்தான இருந்துது?"

"அப்ப ஏன் திட்டல?"

எதிரே டவுன் பஸ் ஒன்று வந்தது. அது போகும்வரை அவன் வண்டியை ஓரங்கட்டி நின்றான்.

"பலகை யாருதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் தோளில் வைத்திருந்த கையை இளவரசி எடுத்துக்கொண்டாள். தெரிந்தேதான் அறுத்திருக்கிறான். தெரியாமல் செய்தான் என்று நினைத்துப் பொறாமைப்பட்டது இதைவிட லேசாக இருந்தது. மறுபடி கையை வைக்கவும் முடியாமல், மடியில் வைத்துக்கொள்ளவும் பிடிக்காமல், வீடு வரும்வரை வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிவராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் பலகையைத் தூக்கி, ஜன்னலோரச் சுவரில் வைத்து உயரம் பார்த்தான்.

"இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம் வெக்கலாம்" என்றான். நடுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பலகையை ஜன்னலிலேயே சாய்த்துவிட்டுச் சுத்தியல் தேடப் போனான்.

மேற்கு வெயில் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து, தறியில் விரிந்திருந்த பச்சைப் பாவு நூல்களின் மேல் வட்டமாக விழுந்தது. மணி நாலு இருக்கும். ஏனாத்தூரில் சின்ன முள் அந்த இழையைத் தொட்டிருக்கும், சங்கீதா நிமிர்ந்து பார்த்திருப்பாள். இளவரசி தறியருகே போய், வெயில் வட்டத்தின் மேல் கையை விரித்து வைத்தாள். கைக்கு அடங்காமல் அது சுற்றிலும் வழிந்து கிடந்தது.