அடுப்புக்கு மேல் இருந்த மடிக்கணினி

கலாராணி எந்தக் காரியத்தையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் விடமாட்டாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துவிட்டு நாலடி நடந்தவள் திரும்பிவந்து மறுபடியும் இழுப்பாள். குழந்தைகளுக்குப் பால் கொடுக்குமுன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பாள். பூனாகலைக்கு மேலே, மேற்கணக்கு என்று எல்லாரும் அழைக்கும் தோட்டப் பிரிவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அவள் பொறுப்பில் இருந்தது. ஊரார் அவளை டீச்சர் என்றே அழைத்தனர்.

பிள்ளைக்காம்பராவுக்கும் அதையொட்டித் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயத்துக்கும் பின்னால் மலை செங்குத்தாக நின்றது. சில ஆண்டுகளுக்கு முன், தேயிலை நிரைகளைக் குறுக்காக அறுத்துக்கொண்டு அம்மலையில் ஒரு வெடிப்பு ஓடியது. தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் வெடிப்பின் இரு கரையிலும் இரும்புக் குழாய்களை நட்டு, இடையே கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அக்கம்பி எவ்வளவு நீள்கிறது என்பதைப் பதிந்துவைக்கும் கருவியைப் பிள்ளைக்காம்பராவின் சுவரில் பொருத்தினார்கள். சனங்கள் அதனைப் பெட்டி என்றார்கள். பெட்டிக்குத் தானாக எதையும் காட்டத் தெரியாது. அதனை வயரினால் மடிக்கணினியோடு இணைத்தால் திரையில் ஒரு கோடு வரும். கோடு பச்சைக்குள் நின்றால் வீட்டில் இருக்கலாம். சிவப்பைத் தொட்டால் எல்லாரும் கீழே பாடசாலைக்குப் போய்விட வேண்டும். மடிக்கணினியைக் கலாராணியிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

அவள் அதனைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். மாரிகாலத்தில் மேற்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். உப்புக் கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும், மடித்துவைத்த சேலையிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையினால் ஈரம் படக்கூடாத பொருளை அடுப்புக்கு மேலே தொங்கும் பலகைத் தட்டில் வைப்பது லயத்து வழக்கம். கலாராணியும் ஒவ்வொரு மாலையும் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவாயில் சுற்றி, உப்புப் போத்தலுக்கும் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பைக்கும் நடுவே அத்தட்டில் வைத்து வந்தாள்.

ஐப்பசி கழிந்து, மழை விட்டபாடில்லாத ஒரு வாரம். மதியச் சோறு உண்ட குழந்தைகள் பாயில் உறங்கிக்கொண்டிருந்தனர். உதவிக்கு இருந்த வேலாயி தட்டுகளைக் கழுவ, மலை ஊற்றுநீர் குழாய்வழி விழும் பீலிக்குக் குடத்தோடு போனாள். போன வேகத்திலேயே திரும்பினாள்.

"டீச்சர், பீலியில தண்ணி வரல."

"என்ன வேலாயி சொல்றீங்க? இந்த மழையிலயா?"

"ஆமாங்க. சொட்டுச் சொட்டா விழுது. அதுவும் ஒரே சேறு."

மலை நீரைக் குடித்துக்கொண்டு வெளியே விடாதிருந்தால் அந்நீர் எங்கே தங்குகிறது என்னும் கேள்வி கலாராணிக்கு எழுந்தது. காலையில்தான் திரையில் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பது முறை. அன்று காலை மின்சாரம் இல்லாமையால் பார்க்க இயலாது போயிற்று. இப்போது மின்சாரம் வந்திருந்தது. அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து, வயரைச் செருகினாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் செருகியதும் வழக்கமாக எழும் மணியோசை மடிக்கணினியிலிருந்து எழவில்லை. திரையில் கோடும் வரவில்லை.

வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். மறுபக்கத்துத் துவாரத்தில் செருகினாள். மடிக்கணினியை அணைத்து, மீண்டும் இயக்கி, அது கண்விழிக்கும் வரை காத்து நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிதான் பழுதோ என்று ஐயுற்று, மவுஸை எடுத்துச் செருகினாள்; திரையில் அம்பு அசையவில்லை. குழந்தைகளின் பாட்டுகள் இருந்த பென்டிரைவைச் செருகினாள்; அதனையும் மடிக்கணினி அறியவில்லை. ஆகவே பழுது பெட்டியிலும் இல்லை, வயரிலும் இல்லை. வெளியிலிருந்து வரும் எதனையும் இந்த மடிக்கணினி இனங்கண்டுகொள்ளவில்லை என்பது அவளுக்கு உறுதியாயிற்று.

நிறுவனத்தார் தந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று போன் சொல்லியது. கிராம சேவகர் ஆற்றுக்கு அப்பால் வெள்ளத்தில் சிக்கியவர்களோடு நின்றார். "எல்லா இடத்துலயும் கவனமா பாத்துக்கிட்டிருக்கச் சொல்லித்தான் அறிவிச்சிருக்காங்க டீச்சர். உங்க பெட்டியப் பாத்துச் சொல்லுங்க" என்றதோடு அவருடைய குரல் அறுந்தது.

அவ்வேளை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு வீரசிங்கம் வந்து நின்றார். மேற்கணக்கின் தலைவர் அவர். சங்கத்திலும் கோயிலிலும் அவர் சொன்னால்தான் எதுவும் நகரும்.

"என்ன டீச்சர், பெட்டி என்னா சொல்லுது?"

"பாக்க முடியலிங்க தலைவரே. லெப்டொப் எதையும் எடுக்க மாட்டேங்குது. பீலியும் நின்னு போச்சு. எனக்குப் பயமா இருக்கு. எல்லாரையும் கீழ அனுப்பிருவோமா?"

வீரசிங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "பீலிக் குழாயில எல அடைச்சிருக்கும். போன வருசமும் தண்ணி கலங்குதுன்னு கூப்பிட்டீங்க; கூட்டமா போனோம். மலை வரல, நரிதான் வந்துச்சு. என் அடக்கோழியத் தூக்கிட்டுப் போயிருச்சு. எல்லாருக்கும் அன்னக்கிப் பேரும் விழல, சம்பளமும் இல்லாமப் போச்சு."

"அதுக்கப்புறம் தோட்டத்துத் தொரை என்னயக் கூப்பிட்டு ஏசினதும் ஞாபகம் இருக்குங்க."

"அப்ப என்னா முடிவாச்சு? பெட்டி சொன்னா மட்டும்தான் எறங்குறதுன்னு. பெட்டி சொல்லட்டும், மொத ஆளா நான் எறங்குறேன்."

அவர் லயத்துப் பக்கமாக நடந்தார். கலாராணி பின்பக்க ஜன்னலண்டை போய் நின்றாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் நிற்கும். அங்கிருந்தால் மலையும் தெரியும். அன்று மலை தெரியவில்லை. வெள்ளைத் துணியைப் போர்த்தியது போன்ற பனி மட்டுமே தெரிந்தது. அதனுள்ளிருந்து கல் ஒன்று உருண்டு நின்ற ஓசை கேட்டது. அல்லது அவளுக்குக் கேட்டதாகத் தோன்றியது.

பண்டாரவளையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ஸுபைராவின் இலக்கத்தை அழுத்தினாள். ஒருமுறை பிள்ளைக்காம்பராவுக்கு அச்சுப்பொறி வாங்கப் போனபோது ஏற்பட்ட அறிமுகம் அது.

"சொல்லுங்க டீச்சர். அழுவாம சொல்லுங்க."

"நான் அழுவலம்மா. குரல் அப்பிடி இருக்கு."

ஸுபைரா ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னாள். டிவைஸ் மனேஜரைத் திறக்கச் செய்தாள். அதில் பழுதைக் காட்டும் மஞ்சள் அடையாளம் ஏதும் தென்படவில்லை. யூஎஸ்பி என்று எழுதியிருந்தவற்றையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி இயக்கச் சொன்னாள். பிறகு மின்வயரைக் கழற்றி, இயக்கும் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். எதுவும் பலிக்கவில்லை.

"சரி, உள்ளுக்கு ஒண்ணும் பிழையில்ல போல. போன் டோர்ச்ச அடிச்சு அந்த ஓட்டைக்குள்ள பாருங்க. என்ன தெரியுது?"

கலாராணி குனிந்து பார்த்தாள். பளபளக்க வேண்டிய சிறு தகடுகள் மீது கரி மை போல அப்பியிருந்தது. கரியின் ஓரத்தில் பச்சைக் களிம்பும் பூத்திருந்தது. அவள் கண்டதைச் சொன்னாள்.

"டீச்சர், நீங்க இத எங்க வைக்கிறீங்க?"

"அடுப்புக்கு மேல, தட்டுல. பனி படக்கூடாதுன்னு."

ஸுபைரா மெல்லச் சொன்னாள். "வெறகுப் புகை உள்ளுக்குப் போய் ஒட்டியிருக்கு. அதுல ஈரமும் சேந்து தகட்டத் தின்னிருச்சு. உங்க மேல குத்தமில்ல. ஸ்பிரிட் இருந்தா பல்லுத் தேய்க்கிற பிரஷ்ல தொட்டு லேசாத் தேச்சுப் பாருங்க. சரிவரல்லண்டா நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க."

நாளைக்கு என்னும் சொல் கலாராணியின் காதில் நின்றுவிட்டது. காப்பதாக எண்ணி நாள்தோறும் தானே அதனைக் கெடுத்திருக்கிறோம் என்பதை நினைந்து வருந்தவும் அவளுக்கு நேரமில்லை.

லயத்தின் கடைசிக் காம்பராவில் விதுஷா குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள். கொப்பூழில் தடவ மருத்துவமாது கொடுத்த ஸ்பிரிட் அவளிடம் இருக்கும். குழந்தைகளை வேலாயியிடம் விட்டுவிட்டுக் கலாராணி மழையில் ஓடினாள். விதுஷாவின் கதவு பாதி திறந்து, தரையில் சிக்கிக்கொண்டு நின்றது.

"தள்ளித்தான் வரணும் அக்கா. காலையிலருந்து சாத்த முடியல. மழைக்குப் பலகை ஊதியிருக்காம்."

கலாராணி கதவின் மேல்விளிம்பைப் பார்த்தாள். பலகை ஊதவில்லை. நிலைச்சட்டம் ஒருபுறம் சாய்ந்திருந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையுமளவு இடைவெளி தெரிந்தது. பழைய லயம், எப்போதும் இப்படித்தான் இருந்ததோ? அவளால் நினைவுகூர முடியவில்லை.

விதுஷா படுத்தபடியே போத்தலை நீட்டினாள். பச்சைக் குழந்தை அவளுடைய விலாவோடு ஒட்டிக்கிடந்து உறங்கியது. "ஒடம்பெல்லாம் பதறிக்கிட்டே கெடந்தேன் அக்கா. தலைவர் மாமா இப்பத்தான் சொல்லிட்டுப் போனாரு, பெட்டி சும்மாதான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லன்னு. அப்புறம்தான் கண்ணு சொக்குது."

பெட்டியைப் பார்க்க முடியவில்லை என்று அவள் சொன்னது, இருபது முப்பது அடி தூரம் வருவதற்குள் பயமில்லை என்று ஆகிவிட்டது. இந்நேரம் அது லயம் முழுவதும் போயிருக்கும். பெட்டி என்று ஒன்று இல்லாதிருந்தால் மலைக்கு அஞ்சி யாராவது ஒருவராவது தாமாக இறங்கியிருக்கக்கூடும். கெட்டுப்போன மடிக்கணினி அவர்களைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

"தூங்காத விதுஷா" என்றாள். "புள்ளயத் துணியில சுத்தி வச்சிரு. நான் இப்ப வாறேன்."

திரும்பி ஓடிவந்து பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துவாரத்தைத் தேய்த்தாள். பிரஷ் கருத்து வந்தது. ஊதினாள், காயவிட்டாள், வயரைச் செருகினாள். மணியோசை எழுந்தது. பெட்டியின் பெயர் திரையில் தோன்றியது. அதனைத் திறக்க அவள் விரலை வைப்பதற்குள், துண்டிக்கப்பட்டதைக் காட்டும் தாழ்ந்த ஓசை கேட்டது. பெயர் மறைந்தது. வயரை அசைத்தாள், மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. வருவதும் போவதுமாக அவ்வோசைகள் மாறிமாறி ஒலிக்க, உறங்கிய குழந்தை ஒன்று விழித்து அழத் தொடங்கியது. பின்னர் மணியோசை அறவே நின்றது.

லயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வீரசிங்கம் ஓசை கேட்டு உள்ளே வந்தார். "வந்திருச்சு போல. என்னா சொல்லுது டீச்சர்?"

சிவப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். திரை அவளை நோக்கியே இருந்தது. அவருக்கு அது தெரியாது. நாக்கின் நுனி வரை அச்சொல் வந்தது. இன்று சொல்லிவிடலாம். மலை வராமற்போனால், உண்மையாகவே கோடு சிவக்கும் நாளில் ஒருவரும் அசையமாட்டார்கள். அந்நாளில் விதுஷாவின் குழந்தை நடக்கும் வயதாகி அந்த லயத்திலேயே இருக்கும். அச்சொல்லை அவள் விழுங்கினாள்.

"ஒண்ணும் தெரியலிங்க. பச்சையா செவப்பான்னு எனக்குத் தெரியாது. இனிப் பாக்கவும் முடியாது."

"அப்ப எறங்க வேணாங்குறீங்க."

"உங்கள எறங்கச் சொல்ற அதிகாரம் எனக்கில்லைங்க."

சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கம்பி எவ்வளவு நீண்டது என்பது அதற்குள் பதிந்திருந்தது, கேட்பதற்குத்தான் வழியில்லை. தாய்மார் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரையில் பாயில் கிடந்த பிள்ளைகள் அவள் பொறுப்பு. தலைவருக்கோ துரைக்கோ அதில் இடமில்லை. தாய்மார் இங்கே வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த லயத்துக்குத்தான் போவார்கள். பிள்ளைகள் வேறிடத்தில் இருந்தால், வேறிடத்துக்குத்தான் வருவார்கள்.

கலாராணி மடிக்கணினியை மூடினாள்.

"வேலாயி, எல்லாரையும் எழுப்புங்க. மழைக்கு ரப்பர் ஷீட்ட எடுங்க. விதுஷாவையும் புள்ளயோட கூட்டிக்கிருவோம்."

வீரசிங்கம் புருவத்தை உயர்த்தினார். "எங்க போறீங்க?"

"பிள்ளைகள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன் தலைவரே" என்றாள் அவள். "அம்மாமாரு வந்தாங்கன்னா, அங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."