விறைத்த கைக்குட்டை

சலவைக் கடைக்காரரை எல்லோரும் பூசணி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அவருடைய அக்கா, அவருக்கு நாலு வயதானபோது. ஐம்பது வயது வரை பெயருக்கு ஒரு குறையும் வராமல் காப்பாற்றி வந்தவர், இப்போது அதைக் கைவிட்டே ஆகவேண்டியிருந்தது.

அக்காவின் கல்லீரல் கெட்டுவிட்டது. ஒரு துண்டு வெட்டி அவளுக்கு வைக்கப் பொருந்தியது தம்பியுடையது மட்டும்தான். அதிலும் கொழுப்பு மண்டிக் கிடந்தது. "ஆறு வாரத்துல கரைச்சுட்டு வாங்க. ஸ்கேன் சரியா இல்லேன்னா உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் கட்டம் இரண்டு வாரம். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பழம் எதுவும் கூடாது. முட்டை, மீன், கீரையோடு சரி. இரண்டாம் கட்டம் நாலு வாரம், அதில் காய்கறி சூப்பும் ஒரு கைப்பிடி பாதாமும் உண்டு. மூன்றாம் கட்டத்தில் சோறு மெல்ல எட்டிப் பார்க்கும், அதுவும் ஆபரேஷன் முடிந்த பிறகு.

முதல் கட்டத்தில் பூசணி ரொட்டிக் கடையை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார். ஐந்து கிலோ இறங்கியது. இரண்டாம் கட்டத்தில் எடை அசையவே இல்லை. ஸ்கேனுக்கு இன்னும் இரண்டே வாரம். "திருட்டுத்தனமா எதையோ சாப்பிடறீங்க" என்றாள் டயட் சொல்லிக்கொடுத்த பெண். மனைவி அவர் சட்டைப் பையைச் சோதனை போட்டாள். இரண்டு பொத்தான்கள்தான் கிடைத்தன. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சூப் அக்காவின் பொறுப்பு. கடைக்குப் பின்னால்தான் அவள் வீடு. "சமைக்கவாவது விடுடா. சும்மா உக்காந்துக்கிட்டு உன்கிட்ட வாங்கிக்கிறதா?" என்று சண்டை போட்டு வாங்கிய வேலை. மத்தியானமும் சாயங்காலமும் சூடாக, கெட்டியாக வரும். "க்ரீம் போட்டேன், அதுக்கு அனுமதி உண்டுல்ல?" என்பாள்.

அன்று மத்தியானம் சூப் கொஞ்சம் சிந்தியது. கைக்குட்டையால் துடைத்து, இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அரை மணி கழித்து எடுத்தால் துணியின் ஒரு மூலை காலர் மாதிரி விறைத்து நிற்கிறது. விரலால் தேய்த்துப் பார்த்தார். க்ரீம் காய்ந்தால் பிசுபிசுக்கும். இது கஞ்சி. முப்பது வருஷமாகச் சட்டைகளுக்குக் கஞ்சி போடுகிறவரிடம் அதை மறைக்க முடியுமா?

கைக்குட்டையோடு நேரே அக்காவின் அடுப்படிக்குப் போனார்.

"என்னக்கா இது?"

"கைக்குட்டை."

"சோளமாவு."

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். சமாளிக்கப் பார்க்கவில்லை. "உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடா. உன்னை அறுக்கும்போது ஏதாவது ஆயிட்டா? வேண்டாம்னு சொன்னா நீ கேக்க மாட்டே. ஸ்கேன்லயே நீ தேறலேன்னா யாருக்கும் சங்கடம் இல்ல."

"எனக்கு?" முதல் தடவையாக அவளிடம் குரலை உயர்த்தினார். "நான் வாயைக் கட்டாததாலதான் எங்க அக்கா போயிட்டான்னு ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பேனே, அதை யோசிச்சியா?"

அவள் யோசித்திருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

"நாளைலேர்ந்து உன் பொண்டாட்டியையே சமைக்கச் சொல்லவா?" என்றாள்.

"நீதான் சமைக்கணும்."

மறுநாள் சூப் வந்தது. பூசணி புதுக் கைக்குட்டை ஒன்றின் மூலையை அதில் நனைத்து, இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் விரித்துவிட்டுக் காத்திருந்தார். பின்கதவில் சாய்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தேகப் பேர்வழி! சூப் ஆறிப்போகுதுடா."

அரை மணி கழித்துத் தொட்டுப் பார்த்தார். துணி துணியாகவே இருந்தது. கிண்ணத்தை எடுத்தார். சூப் வெறும் தண்ணீர், ருசி என்று ஒன்றுமே இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.