தெருவில் நடந்த பறவை

ஒன்பதாம் எண் பறவை கடலை விட்டுக் கரையேறித் தெருவில் நடந்திருந்தது.

டிகிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் கணினியைப் பார்த்தாள். டிகிரி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பெயரில் பாதி பெருமை, பாதி குத்தல்.

தீவில் அடைகாக்கும் கடற்பறவைகளின் வால் சிறகில் 'டேக்' என்ற கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை ஒட்டி விடுவதுதான் அவள் வேலை. ஆணும் பெண்ணும் முறைவைத்து முட்டையில் உட்காரும். முறை முடிந்த பறவை இரை தேடிக் கடலுக்குப் போய்த் திரும்பும்போது அதைப் பிடித்து, கருவியைக் கழற்றிக் கணினியில் மாட்டினால், போன வழியெல்லாம் கோடாக விழும். கோடுகள் சேர்ந்தால் வரைபடம். வரைபடத்துக்குள் வரும் கடலுக்கு அரசாங்கம் காவல் போடும். வெளியே நிற்கும் கடல் அம்போ.

மற்றப் பறவைகள் எல்லாம் தெற்கே போய்ச் சுற்றிவிட்டு ஒழுங்காகக் கூடு திரும்பியிருந்தன. ஒன்பது மட்டும் தீவைச் சுற்றி வடக்கே போய், அங்கே அசையாமல் கிடந்து, பிறகு நேராகத் துறைமுகம் வந்து, பிரதான சாலையில் ஏறி, இருசக்கர வண்டி வேகத்தில் ஊருக்குள் வந்திருந்தது.

டிகிரிக்குச் சந்தேகம் இன்று முளைத்ததல்ல. இரண்டு வருடமாக வரைபடத்தில் வடக்குக் கடல் மொட்டையாகக் கிடக்கிறது. அதே வடக்குக் கடலில் கப்பல் வைத்து மண் உறிஞ்ச அனுமதி கேட்டு ஒரு கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. கருவி வந்த பெட்டிகளில் அதே கம்பெனியின் முத்திரை. கொடுத்தவன் சும்மா கொடுப்பானா? வாங்கியவர்தான் சும்மா வாங்குவாரா?

கதவைத் தட்டாமல் மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள். ஆராய்ச்சி நிலையத்துக்கு மேடம்தான் தலைவி.

"மேடம், டேட்டால யாரு கை வச்சது?"

மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன கை?"

"வடக்கே போனது ஒரே ஒரு பறவை. அது மட்டும் ரோட்டுல நடக்குது. கெட்டுப்போன டேட்டான்னு தூக்கிப் போட வசதியா இருக்கும்ல?"

"யாருக்கு வசதி?"

"டேக் வாங்கிக் குடுத்த கம்பெனிக்கு."

மேடம் கோபப்படவில்லை. அதுவே டிகிரிக்கு உறுத்தியது. மடியில் கனம் இல்லாவிட்டால் மனுஷி எகிறியிருக்க வேண்டாமா?

"வடக்குச் சரிவுல கூடு கட்டுறது வடக்கேதான் மேயப் போகும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் அங்க ஒரு கூட்டுலகூட டேக் போடல?"

"அங்க படகு ஒதுங்காதும்மா. உச்சியத் தாண்டி நடந்து போனா அடைகாக்குறதெல்லாம் எழும்பிடும், முட்டையக் காக்கா கொத்திடும். பாறை இருக்கு, சுழி இருக்குன்னு சொன்னது உங்க மாமாதானே?"

நிலையத்துக்குப் படகு ஓட்டுபவர் டிகிரியின் அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி.

"சரி வா, உன் பறவை எங்கதான் போச்சுன்னு பார்ப்போம்" என்று மேடம் எழுந்து வந்தார்.

இருவரும் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஐஸ் கம்பெனி தாண்டியது. பேருந்து நிலையம் தாண்டியது. தையற்கடை முக்கில் திரும்பி, மூன்றாவது வீட்டில் நின்றது.

"இது யாரு வீடு?"

டிகிரி திரையில் கோடு நின்ற இடத்தில் விரலை வைத்தாள். "எங்க வீடு."

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கருவி ஒட்டப் போன அன்று காலை தீவில் தூறல். மாமாவின் மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு கருவியை முடுக்கி, அதன் பையில் போட்டாள். மழை விட்டதும், கோட்டைக் கழற்றிப் படகில் எறிந்துவிட்டுத் தெற்குச் சரிவில் ஏறினாள். கருவி கோட்டுப் பையிலேயே கிடந்திருக்கிறது. "உன் சாமான் ஒண்ணு என் கோட்டுல கிடந்துச்சு" என்று மாமாவே இன்று காலை எடுத்துக் கொடுத்தார். அவளும் எண்ணைப் பார்க்காமல், பறவைகளிடமிருந்து கழற்றியவற்றோடு சேர்த்துக் கணினியில் மாட்டிவிட்டாள்.

கருவி காட்டியது பறவையின் வழியை அல்ல. படகின் வழியை. அவர்கள் தெற்கே வேலை செய்துகொண்டிருந்த நேரம் முழுக்கப் படகு வடக்கே, பாறையும் சுழியும் இருப்பதாகச் சொன்ன அதே இடத்தில், கரையை ஒட்டித் தொட்டில் குழந்தை மாதிரி கிடந்திருக்கிறது.

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரி" என்றார் மேடம். அந்தச் 'சரி' சரியாக இல்லை.

சாயங்காலம் மாமா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, எஞ்சினின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் படிக்க வை என்று அக்காவோடு மல்லுக்கு நின்றவர் இவர்தான். அது வேறு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"மாமா, வடக்குப் பக்கம் சுழி எப்படி?"

"பயங்கரம். ஆளையே முழுங்கிடும். ஏன்?"

"அதுல அவ்வளவு நேரம் நின்னு என்ன பண்ணீங்க? குளிச்சீங்களா?"

துணி நின்றது. உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணுமில்லக்கா. உன் பொண்ணு படிச்சத ஒப்பிக்கிறா."

"உங்க கோட்டுல கிடந்த டேக் சொல்லுச்சு மாமா. வலை போட்டீங்களா?"

"போட்டேன். என்ன இப்போ? நான் மட்டுமா, துறைமுகத்துல பாதிப் பேரு அங்கதான் போடுறான். நீ அங்க போய்க் கோடு கோடாப் போடுவ. காவல்காரன் வந்து வலைய எடுன்னு விரட்டுவான். உன் படிப்புக்கு நாங்க பட்டினி கிடக்கணுமா?"

"கோடு போடலேன்னா மண் கப்பல் வரும். அடியோட வழிச்சிட்டுப் போயிடும். அப்ப வலைய எங்க போடுவீங்க, மொட்டை மாடியிலயா?"

"கப்பல் வருதுன்னு நீ சொல்ற. நம்பணுமா? அந்தக் கம்பெனி பேரு போட்ட பெட்டியத் தூக்கிட்டுத்தான தினமும் என் படகுல ஏறுற?"

காலையில் மேடத்தை அவள் கேட்ட அதே கேள்வி. சுடச்சுடத் திரும்பி வந்தது.

"என்னைச் சந்தேகப்படுங்க, தப்பில்ல" என்றாள். "ஆனா ரெண்டு வருஷமா உங்க பொய்ய நான் மேப்பா வரைஞ்சிருக்கேன். தெரியுமாடின்னு கேக்குற மாதிரி மேடம் என்னைப் பாக்குறாங்க. படிக்க வச்சது இதுக்கா?"

மாமா பிளக்கை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

"நாளைக்கு வடக்கே இறக்கி விடுங்க. இல்லேன்னா மேடம் வெளியூர்ப் படகு பிடிப்பாங்க. அந்தப் படகுக்காரன் பறவைய மட்டுமா பார்ப்பான், வலையப் பார்க்க மாட்டானா?"

"மிரட்டுறியா?"

"ஆமா."

அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "நல்லா படிக்க வச்சடா தம்பி. வளர்த்த கெடா மார்ல பாயுது, வாங்கிக்க."

மறுநாள் படகு வடக்கே கிளம்பியது. மேடம் டிகிரியைப் பார்ப்பதும், டிகிரி மாமாவைப் பார்ப்பதும், மாமா கடலைப் பார்ப்பதுமாக வந்து சேர்ந்தார்கள். தீவின் மூக்கைத் திரும்பும்போது, வேண்டுமென்றே பாறையில் விட்டுவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. கை தானாகப் பலகையைப் பிடித்தது.

மாமா எஞ்சினை அணைத்தார். படகு, மாடு தொழுவத்துக்குள் போகிற மாதிரி, தானே போய்க் கரையில் மூக்கை வைத்தது.

"பாறை இருக்குன்னு சொன்னீங்களே?" என்றார் மேடம்.

"இருக்கு மேடம்." மாமா கயிற்றோடு குதித்தார். "கொஞ்சம் தள்ளி இருக்கு."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிகிரிக்கு வரவில்லை. கரையில் நைலான் வலைத் துண்டுகள் கிடந்தன. மேலே சரிவு முழுக்கக் கூடுகள். இரண்டு வருடமாக இவ்வளவும் கணக்கில் இல்லாமல் அடைகாத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

பறவையை ஒருவர் பிடிக்க, ஒருவர் ஒட்ட வேண்டும். மேடம் பிடிக்க முன்வந்தார். "நீங்க முட்டைய மூடிக்குங்க மேடம், மாமா பிடிக்கட்டும்" என்றாள் டிகிரி.

மேடம் தொப்பியை முட்டைமேல் கவிழ்த்து நிழல் போட்டார். மாமா பறவையைத் துணியோடு மடியில் இடுக்கிக்கொண்டார். அது அவர் புறங்கையைக் கொத்தி ரத்தம் பார்த்தது.

"இதுவும் படிச்சிருக்கும்போல" என்றார்.

"ஆட்டாதீங்க."

நாலு வால் சிறகைச் சேர்த்து, கருவியை வைத்து, டேப்பைச் சுற்றி அழுத்தினாள். எண்ணை இரண்டு தரம் வாசித்தாள்.

"என் வலைய விரட்ட வந்தா நீ யாரு பக்கம் நிப்ப?" மாமா தலை நிமிராமல் கேட்டார்.

"வரட்டும். வலை போடுறவங்களும் உக்காந்து பேசணும்னு கேப்பேன். நீங்களும் வந்து கத்துங்க, கூடச் சேர்ந்து நானும் கத்துறேன். ஆனா இங்க பறவையே இல்லன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

"கத்தினா கேப்பானா?"

"தெரியல மாமா."

அவர் எதிர்பார்த்தது வேறு பதில் போலிருந்தது. ஆனாலும் துணியை விலக்கிவிட்டார்.

பறவை அவர் கையைவிட்டு எகிறி, சரிவோடு தாழ இறங்கி, வலைத் துண்டுகளுக்கு மேலாகப் போய் நீரைத் தொட்டெழுந்தது. மூவரும் பார்த்தார்கள். அது ஒரு வட்டம் போட்டது, தெற்கே போகிறதா என்று பயப்படும் அளவுக்கு. அப்புறம் இறக்கையைச் சாய்த்து, நேர் வடக்கே போய்ப் புள்ளியாகிவிட்டது.

"ஒண்ணு போனா எல்லாம் போகுமா?" என்றார் மாமா.

"போகாது" என்றாள் டிகிரி. "அடுத்ததப் பிடிங்க."