போதகர் பேசக்கூடாத நான்கு ஞாயிறுகள்

1

எங்கள் பாப்திஸ்து சபைகள் சேர்ந்த சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். சபைகளுக்குச் சங்கம் எப்படிக் கைகொடுக்கலாம் என்பது பொருள்; இரண்டு பக்கம்; முடிவு நம்பிக்கையூட்ட வேண்டும். போன மலரில் என் கட்டுரைக்கு நடுவே அரியலூர் மரச்சாமான் கடை விளம்பரம் வந்தது. படித்தவர்கள் கட்டிலைப் பற்றித்தான் விசாரித்தார்கள். இருந்தும் ஒப்புக்கொண்டேன். மறுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

முதல் தொடக்கம்: "2003ஆம் ஆண்டு, வேப்பந்தட்டை மலைகளின் மேல் எழுப்புதலின் மேகம் திரண்டு..."

(அந்த வருஷம் அங்கே எந்த மேகமும் திரளவில்லை. அடித்துவிட்டேன்.)

2

வேப்பந்தட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் காசிநாதன் என்ற போதகருக்குத் தொண்டை போயிற்று. பதினோரு வருஷம், ஒரு ஞாயிறும் விடாமல் பிரசங்கம். "ஒரு மாசம் கிசுகிசுக்கக்கூடக் கூடாது. மீறினா குரல் திரும்பாது" என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆராதனை நின்றால் இருக்கிற சனமும் எறையூரில் புதிதாக முளைத்த சுகமளிக்கும் ஜெபக் கூடாரத்துக்கு நழுவிவிடும். நான்கு ஞாயிறு பேச ஆள் வேண்டும் என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சங்கம் தன் செயலாளர் ஞானாபரணத்தை வாழ்த்துச் சொல்லிவர அனுப்பியது. கூடவே, அன்பளிப்பாக ஒரு மைக் செட்.

(மைக் செட் என் கற்பனை. மலர்க்குழுவில் படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. "எத்தனை வாட்ஸ்?" என்றார் ஒருவர்.)

3

ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து மைக் செட் பெட்டியை இறக்கியபோதே ஞானாபரணத்துக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. வாரம் ஒரு சபை. எங்கே போனாலும் சின்னதாக ஒரு வாழ்த்துரை, சாப்பாடு, திரும்ப பஸ். முழுப் பிரசங்கம் செய்து பல வருஷம் ஆகிறது. இனி வராது என்றே நினைத்துவிட்டார்.

போதகரின் மனைவி தனம் பெட்டியைப் பார்த்தாள்.

"பேச ஆளு கேட்டோமுங்க சார்."

"ஒவ்வொரு சபையும் சுதந்திரமான சபைம்மா. நம்ம கொள்கையே அதுதான். சங்கம் ஆளத் திணிக்க முடியாது."

"நாங்களா கேக்குறோம். கேட்டதக் குடுத்தா திணிப்பா?"

"முறைப்படி சபை கூடி, போதகர் தலைமையில பேசி..."

"அவருதான் வாயத் தெறக்கக் கூடாதே."

ஆராதனைக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பச்சையம்மாள் சொன்னாள்: "விடு தனம். மழ இல்லன்னு சொன்னா கொடை குடுத்தனுப்புறவங்க."

காசிநாதன் சிரித்தார். சத்தம் வரவில்லை.

(இங்கே ஒரு கட்டுரை நுழைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மேலே இருந்து ஆணையிட யாரும் இல்லை. நியாயமான பெருமைதான். பக்கத்தில் நின்று தோள்கொடுக்க யாரும் இல்லாததற்கும் சுதந்திரம் என்றே பெயர் வைத்துவிட்டோம்.)

4

மலர்க்குழு விரும்பும் முடிவு: ஞானாபரணம் அனல் பறக்கப் பேசுகிறார், எறையூர்க் கூடாரமே காலியாகி இங்கே வருகிறது.

நான் விரும்பும் முடிவு: தனம் எழுந்து பிரசங்கிக்கிறாள். (பெண் பிரசங்கிப்பதா என்று குழு அடித்துவிடும்.)

நான் பயப்படும் முடிவு: பாட்டு முடிந்தது. ஞானாபரணம் தன் செருப்பு இருக்கும் திசையைப் பார்த்தார். யாரும் எழவில்லை. காசிநாதன் எழுந்தார், வேதத்தைத் திறந்தார், சனத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு வாயைத்

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஞானாபரணத்தை எழுப்பினேன். அவர் லேசில் எழவில்லை. மூட்டு வலி என்றார், தயாரிப்பில்லை என்றார். இழுத்துத்தான் எழுப்பினேன். போய்க் காசிநாதனின் தோளை அழுத்தினார்.

"உக்காருங்க பாஸ்டர்."

சுமாராகப் பேசினார். ஒரு வேத வசனத்தைப் பாதியில் மறந்தபோது பச்சையம்மாள் எடுத்துக்கொடுத்தாள். காசிநாதன் கீழே பாயில் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்தார். பிறகு தூங்கிப்போனார். பச்சையம்மாள் எழுப்பக் கை நீட்டினாள். தனம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

5

போதகருக்குக் குரல் திரும்பியதா என்று குழு கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் மூன்று ஞாயிறு பாக்கி இருக்கிறது. ஞானாபரணம் அடுத்த வாரம் திருமழபாடிப் பக்கம் போக வேண்டும். இன்னொருவரை இழுத்து எழுப்ப எனக்குத் தெம்பில்லை.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் ஏதோ ஒரு சபையின் பாயில் உட்கார்கிறவர்தான். பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை வழியாக அந்த ஊருக்குக் காலையில் பஸ் இருக்கிறது. இறங்கி, தனம் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

நன்றாகப் பேச வேண்டும் என்றில்லை.